மில்லுக்கு வெட்டிய கதவு

பிள்ளையார் துணை

அருமைநாயகி மில்,
சந்தியடி, புத்தூர்.
03.02.2025

வெள்ளிமலை உணவுக் கம்பனியில் புலமைப்பரிசிலுக்குப் பொறுப்பான ஐயா அவர்களுக்கு,

இது நலம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். ஏசி போட்ட அறையில் இருந்து ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை ஒரே வரியில் தட்டிவிடுகிறவருக்கு என்ன குறை?

என் பெயர் நடராசா அருமைநாயகி. பட்டம் முடித்த பிள்ளைகளை உங்கள் கம்பனி தன் செலவில் இரண்டு வருடம் உற்பத்திப் பொறியியல் மேற்படிப்புப் படிக்க வைக்கிறதாகப் பேப்பரில் போட்டிருந்தது. அதற்கு விண்ணப்பித்த தனுஷா என் மகளின் மகள். கிளிநொச்சியில் எஞ்சினியரிங் படித்து முடித்தவள். இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அறை எடுத்து, ரியூசன் கொடுத்துக்கொண்டு வேலை தேடுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "என்னடி?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அம்மம்மா" என்றாள். ஒன்றுமில்லாததற்கு யாரும் புட்டை அரை மணித்தியாலம் பிசைந்துகொண்டு இருக்க மாட்டார்கள். அவள் குளிக்கப் போன நேரம் பையைத் திறந்தேன். திறந்தது பிழைதான். உள்ளே உங்கள் கடிதமும் சான்றுப் பக்கத்தின் பிரதியும் இருந்தன.

ஒன்பதாம் கேள்வியில், விண்ணப்பிக்கிறவர் ஆறு மாதமாவது வேலை செய்த, பதிவுள்ள உற்பத்தி நிலையத்தின் முகாமையாளரிடம் சான்று கேட்டிருக்கிறீர்கள். அவள் வேலை செய்தது என் மில்லில். மா, தூள் அரைக்கிற மில். அதற்கு முகாமையாளர் நான். கையெழுத்துப் போட்டேன். கல்வித் தகைமை என்ற இடத்தில் "ஐந்தாம் வகுப்பு" என்று உள்ளதை எழுதினேன். நீங்கள் அதன் கீழே சிவப்புக் கோடு போட்டு, "பொருத்தமான வேறொருவரிடம் பெற்று அனுப்பவும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

யாரிடம் போய்ப் பெறுவது? 1994இல் நானும் அவரும் தொடங்கிய மில் இது. அப்போது இங்கே கறன்ட் இல்லை, மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடியது. அடுத்த வருடம் ஊரோடு இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போனபோது மற்றவர்கள் சீலையும் சட்டியும் எடுத்தார்கள். நான் மில்லின் இரண்டு அரைக்கும் தட்டுகளையும் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினேன். திரும்பி வந்தபோது சுவர் இல்லை, தட்டு இருந்தது. அவர் போன பிறகு தனியாக நடத்துகிறேன். இதற்கு என்னைவிடப் பொருத்தமான இன்னொருவரைக் கொழும்பில் வைத்திருக்கிறீர்களா?

உங்கள் விதிகளை மூன்று தரம் வாசித்தேன். முகாமையாளர் என்றுதான் இருக்கிறது. எத்தனையாம் வகுப்புப் படித்த முகாமையாளர் என்று ஓரிடத்திலும் இல்லை. இருந்தால் காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோட்டை அழியுங்கள்.

இந்தக் கடிதம் எழுதுவது தனுஷாவுக்குத் தெரியாது. போன் எடுத்தால் "பாக்கிறம் அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். இதை வைக்க முடியாது. பதிவுத் தபாலில் வருகிறது, துண்டு என் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ந. அருமைநாயகி
முகாமையாளர்


வெள்ளிமலை உணவு உற்பத்தி நிறுவனம்
பட்டதாரிப் புலமைப்பரிசில் பிரிவு, கொழும்பு
11.02.2025

திருமதி ந. அருமைநாயகி அவர்களுக்கு,

அம்மணி,

தாங்கள் 03.02.2025 ஆம் திகதியிட்டு அனுப்பிய கடிதம் கிடைக்கப்பெற்றது.

விதிகளை மீளப் பரிசீலித்ததில், சான்றளிக்கும் முகாமையாளரின் கல்வித் தகைமைக்கு ஆகக் குறைந்த எல்லை எதுவும் விதிக்கப்படவில்லை என்பதை அறியத்தருகிறேன். குறித்த சிவப்புக் கோடு என்னால் இடப்பட்டது. அது தவறு. மையை அழிக்க இயலாதாகையால், அருகே "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என எழுதிக் கையொப்பமிட்டுள்ளேன்.

எனினும் தாங்கள் விண்ணப்பதாரியின் நெருங்கிய உறவினர் என்பதால் மேலதிக ஆவணம் ஒன்று தேவைப்படுகிறது. தங்கள் மில்லில் வேலை எவ்வாறு நடைபெறுகிறது, அதில் விண்ணப்பதாரி ஆற்றிய பணி என்ன என்பதைத் தங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதி 25.02.2025க்கு முன்னர் அனுப்பிவைக்கவும். அது தெரிவுக் குழுவின் முன் வைக்கப்படும்.

மேலும், எமது அறையின் ஏசி பழுதடைந்து மூன்று வாரங்களாகின்றன. இது தங்கள் தகவலுக்காக.

இங்ஙனம்,
ஜெ. வாகீசன்
உதவி முகாமையாளர்


புத்தூர்,
18.02.2025

தம்பி வாகீசன்,

பிழையைப் பிழை என்று எழுதினீர்கள். அதற்காக ஐயாவை விட்டுத் தம்பி என்று எழுதுகிறேன். பெயரைப் பார்த்தால் எங்கடை பக்கப் பிள்ளை போல இருக்கிறது. எந்த ஊர்? என்னை அம்மணி என்று எழுத வேண்டாம். அந்தச் சொல்லைக் கண்டால் யாரோ வேறு ஒருத்திக்கு வந்த கடிதத்தை உடைத்துவிட்டேனோ என்று இருக்கிறது.

நீங்கள் கேட்ட விபரம் இது.

என்னிடம் இருப்பது ஒரே மில். காலையில் ஒருத்தி மிளகாயும் மல்லியும் வறுத்துக் கொண்டுவந்து தூள் அரைப்பாள். அவளுக்குப் பின்னால் நிற்கிறவள் ஊறவைத்த பச்சரிசியோடு நிற்பாள். தூள் போன வழியால்தான் மாவும் போகவேண்டும். மா உறைத்தால் என்ன நடக்கும்? பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, கோயிலுக்குக் கொடுக்க முடியாது, மில்லின் பெயர் மத்தியானத்துக்குள் அச்சுவேலி வரைக்கும் போய்விடும்.

இதற்கு நான் வைத்திருக்கிற வழிதான் பிடி அரிசி. அடுத்தவளின் சாக்கிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து முதலில் மில்லுக்குள் போடுவேன். அது உள்ளே ஒட்டியிருக்கிற தூளை வழித்துக்கொண்டு சிவப்பாக விழும். இரண்டாவது பிடி வெள்ளையாக விழும். அதை நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பேன். என் நாக்கு ஓம் என்றால்தான் சாக்கைக் கவிழ்ப்பேன். சுற்றுவட்டாரத்து மில்காரர் எல்லாரும் என்னைப் பார்த்துப் பழகினவர்கள். கேட்டால் இல்லை என்பார்கள். முப்பத்தொரு வருடத்தில் என் மில்லில் தூள் கலந்தது என்று யாரும் சொன்னதில்லை. ஒருத்தி சொன்னாள். அவளைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

தனுஷா 2022இல் ஏழு மாதம் மில்லில் நின்றாள். பெற்றோல் இல்லாமல், பஸ் இல்லாமல், கம்பஸ் பாடம் எல்லாம் போனில் நடந்த காலம். கறன்ட் எப்போது வரும் என்று பார்த்து, வருகிற நேரத்துக்கு ஓடி ஓடி அரைத்தோம். பெல்ட் மாற்றினாள், மோட்டரைக் கழற்றிப் பூட்டினாள். மில்லைத் துப்புரவாக்குகிற முறை முழுக்க என்னுடையது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகினாள். கெட்டிக்காரி. என் பேத்தி வேறு எப்படி இருப்பாள்?

இது போதும் என்று நினைக்கிறேன். போதாவிட்டால் வந்து பாருங்கள். மில் காலை ஏழு மணிக்குத் திறக்கும்.

ந. அருமைநாயகி
முகாமையாளர்


வெள்ளிமலை உணவு உற்பத்தி நிறுவனம்
கொழும்பு
27.02.2025

திருமதி ந. அருமைநாயகி அவர்களுக்கு,

அம்மா,

தங்கள் விபரணம் கிடைத்தது. அதனால் ஒரு சிக்கல் எழுந்துள்ளது.

விண்ணப்பத்தின் ஆறாம் பகுதியில், தாம் செய்த வேலைகளுள் முதன்மையானதாகச் செல்வி தனுஷா பின்வருமாறு எழுதியுள்ளார்: "தூள் அரைத்த பின் மா அரைக்கும்போது மில்லைத் துப்புரவாக்கும் முறையை நான் மாற்றி வடிவமைத்தேன்." அம்முறை முழுக்கத் தங்களுடையது, விண்ணப்பதாரி பார்த்துப் பழகினார் எனத் தாங்கள் எழுதியுள்ளீர்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது எனக் குழு கருதுகிறது.

பிறரது வேலையைத் தனதெனக் காட்டியதாகக் குழு தீர்மானித்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதன் பின்னர் அவர் எமது நிறுவனத்தின் எந்தத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பதாரியிடமும் விளக்கம் கோரப்பட்டுள்ளது. தங்கள் விளக்கம் 17.03.2025க்கு முன்னர் கிடைக்க வேண்டும்.

ஊர் பற்றிய வினா அலுவலக விடயத்துடன் தொடர்பற்றதாகையால் அதற்குப் பதிலளிக்கவில்லை.

இங்ஙனம்,
ஜெ. வாகீசன்


புத்தூர்,
04.03.2025

தம்பி,

உங்கள் கடிதத்தை முதலில் நின்றபடி வாசித்தேன். பிறகு இருந்து வாசித்தேன்.

"பிறரது வேலையைத் தனதென" என்ற வரியை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படிப் பிள்ளை வளரவில்லை. நானும் பொய் எழுதவில்லை. பிடி அரிசி என்னுடையது. பேத்திக்குப் படிப்புக் கிடைக்கும் என்பதற்காக அதை அவளுடையது என்று எழுதித் தரமாட்டேன். எழுதச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் முதலே சொல்லிவைக்கிறேன்.

எனக்குக் கோபம். அதையும் மறைக்கவில்லை. மிளகாய் நெடியில் இருமி இருமி நான் பழகி எடுத்ததை அவள் ஒரு வரியில் தன்னுடையது ஆக்கிவிட்டாளா என்று நெஞ்சு கொதிக்கிறது. அவளிடம் போனில் கேட்கலாம். கேட்கவில்லை. அவள் அழுதால் நான் இரங்கிவிடுவேன், அழாவிட்டால் இன்னும் கோபம் வரும்.

அந்த ஆறாம் பகுதியை எனக்கு அனுப்புங்கள். என்ன எழுதினாள் என்று என் கண்ணால் பார்க்கவேண்டும்.

ந. அருமைநாயகி


வெள்ளிமலை உணவு உற்பத்தி நிறுவனம்
கொழும்பு
07.03.2025

அம்மா,

ஒருவரது விண்ணப்பத்தை இன்னொருவருக்கு அனுப்ப விதிகளில் இடமில்லை. வருந்துகிறேன்.

விண்ணப்பதாரி தமது விளக்கத்தை அனுப்பிவிட்டார். அது ஒரு வரி மட்டுமே: "என் அம்மம்மா எழுதியிருந்தால் அதுதான் சரி, நான் வேறு விளக்கம் தர விரும்பவில்லை." இது மட்டும் குழுவின் முன் போனால் முடிவு என்னவாக இருக்கும் என்பதைத் தாங்கள் ஊகிக்கலாம். 17 ஆம் திகதி பிற்போடப்பட மாட்டாது.

இங்ஙனம்,
ஜெ. வாகீசன்

இதற்குக் கீழே உள்ளது அலுவலகக் கடிதம் அல்ல, அதனால் பேனையால் எழுதுகிறேன். ஆறு வருடமாக இந்தக் கதிரையில் இருக்கிறேன். பொய் எழுதினவர்களிடம் விளக்கம் கேட்டால் மூன்று பக்கம் வரும். ஒரே வரியில் விட்டுவிட்டுப் போனவரை இப்போதுதான் காண்கிறேன். அவர் எதையோ மறைக்கிறார், அதுவும் தனக்காக இல்லை என்று எனக்குப் படுகிறது. ஆறாம் பகுதியில் "பிடி அரிசி" என்ற சொல்லே இல்லை, அம்மா. "கதவு" என்ற சொல் நான்கு இடத்தில் இருக்கிறது. இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

ஊர் சாவகச்சேரி.


புத்தூர்,
12.03.2025

தம்பி வாகீசன்,

இதுதான் என் விளக்கம். தபாலை நம்பாமல் கொழும்பு பஸ்ஸில் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். மில் விபரம் எழுதின கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். அதில் பொய் ஒன்றுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் கதவு என்ற சொல்லைப் பார்த்தவுடன் மில்லைப் பூட்டினேன். கோப்பாய் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, இறங்கி, ஓட்டோ பிடித்துத் திருநெல்வேலிக்குப் போனேன். தனுஷா என்னைக் கண்டு பயந்துபோனாள்.

"என்ன அம்மம்மா, மில் பூட்டோ?"

"மில் கிடக்கட்டும். கொம்பனிக்கு என்னடி எழுதினனி?"

அவள் கதிரையை இழுத்து எனக்குப் போட்டாள்.

"பிடி அரிசி ஆற்றை?"

"உங்கடை."

"பிறகேன் உன்ரை எண்டு எழுதினனி?"

"பிடி அரிசியைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதேல்லை. கதவைத்தான் எழுதினனான். கதவு என்ரை. அதுவும் இல்லையெண்டு சொல்லப்போறியளோ?"

"அப்ப ஏன் அவங்களுக்கு விளங்கப்படுத்தேல்லை? வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ?"

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். "ஏன் கதவு வெட்டினனான் எண்டு எழுதினால் மோதகத்தையும் எழுத வேணும். எங்கடை அம்மம்மான்ரை மில்லிலை மிளகாய் கலந்தது எண்டு என்ரை கையாலை எழுதச் சொல்லுறியளோ? அதுக்கு எனக்கு உந்தப் படிப்பே வேண்டாம்."

உந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்தடி வந்தது என்று கேட்க எனக்கு வாய் இல்லை, தம்பி. அவள் எழுதாத மோதகத்தை நான் எழுதுகிறேன்.

2022 ஆவணிச் சதுர்த்தி. எங்கள் பிள்ளையார் கோயிலில் மோதகம் இரத்தினம்மாவின் உபயம். அவள் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்தவள். முதல் நாள் கறன்ட் வந்த நேரம் மில்லில் சனம் முட்டி மோதியது. தூள், மா, தூள், மா என்று மாறி மாறி அரைத்தேன். இரத்தினம்மாவின் அரிசிக்கும் பிடி அரிசி போட்டேன், நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. அடுத்த நாள் பூசை முடிந்து மோதகத்தைக் கடித்தவர்களுக்குக் கண்ணால் நீர் வந்தது. பக்தியால் இல்லை. ஐயர் மூன்று செம்பு தண்ணீர் குடித்தார்.

இரத்தினம்மா மா வாளியோடு நேரே மில்லுக்கு வந்தாள். "உன்ரை மில்லாலைதான்" என்றாள். நான் சந்தியில் நின்ற சனம் எல்லாம் கேட்க, "முதலிலை உன்ரை வாளியைக் கழுவடி" என்றேன். சனம் சிரித்தது. மில் என்னுடையது, நாக்கும் என்னுடையது, ஊர் என்னைத்தான் நம்பியது. அடுத்த வருடம் மோதகத்தை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். இரத்தினம்மா அன்றிலிருந்து அரிசியைத் தூக்கிக்கொண்டு அச்சுவேலிக்குப் போகிறாள்.

அன்று தனுஷா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை முழுக்க, ஒவ்வொருவரின் மாவிலும் தொடக்கத்தில் ஒரு கரண்டி, நடுவில் ஒரு கரண்டி, கடைசியில் ஒரு கரண்டி எடுத்துச் சின்னப் போத்தல்களில் போட்டுப் பெயர் ஒட்டினாள். எனக்குச் சிரிப்பு. "என்னடி, மருந்துக்கடை போடப்போறியோ?" என்று கேட்டேன். கடைசியில் மில்லைக் கழற்றி, தட்டுக்குப் பின்னால் கையை விட்டுக் காட்டினாள். அங்கே ஒரு மூலை இருக்கிறது. ஊறின அரிசியின் ஈரமா அதில் போய் அப்பிக்கொள்ளும். மிளகாய்த்தூள் அதற்குள் புதைந்து கிடக்கும். பிடி அரிசி ஓடுகிற வழியை மட்டும் துடைக்கும், அந்த மூலைக்குப் போகாது. மில் ஓடி ஓடிச் சூடேற, அப்பியது காய்ந்து உதிர்ந்து விழும். அதனால் நான் நாக்கில் வைக்கிற பிடி பழுதில்லை, நடுச்சாக்கில்தான் உறைப்பு. அவளுடைய போத்தல்களும் அதைத்தான் சொல்லின.

"போடி, இருபத்தெட்டு வருசமாய் இல்லாத மூலை" என்றேன்.

நான் ஒரு கலியாணத்துக்குச் சாவகச்சேரிக்குப் போன நாள் பார்த்து, வெல்டிங் கேதீஸ்வரனைக் கூட்டிவந்து மில்லின் இரும்புக் கூட்டில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கதவு வெட்டுவித்துவிட்டாள். திறந்து மூடப் பிணைச்சலும் இறுக்கத் திருகாணியும் வைத்து, சரியாக அந்த மூலைக்கு நேரே. ஒரு தூரிகை உள்ளே போய்வரலாம். நான் வந்து கண்டுவிட்டு, என் மில்லின் வயிற்றைக் கிழித்துப்போட்டாள் என்று சந்தி அதிரக் கத்தினேன். எட்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. ஒன்பதாம் நாள் அவள் இல்லாத நேரம் கதவைத் திறந்து தூரிகையை விட்டேன். தூரிகை சிவப்பாக வந்தது.

அன்றிலிருந்து தூள் அரைத்த பிறகு ஒவ்வொரு தரமும் அந்தக் கதவைத் திறக்கிறேன். அவளுக்கு இதுவரை சொன்னதில்லை. திருநெல்வேலி அறையில் வைத்துச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் அம்மம்மா" என்றாள்.

"எப்படியடி தெரியும்?"

"பிணைச்சல் தேஞ்சு கிடக்கு. ஆரும் திறக்காமல் அது தேயுமோ?"

மில் விபரக் கடிதத்தில் இருந்த பொய் இதுதான். துப்புரவாக்குகிற முறை முழுக்க என்னுடையது என்று எழுதினேன். எழுதிய அன்று காலையில்கூட அந்தக் கதவைத் திறந்துவிட்டுத்தான் வந்து எழுதினேன்.

நேற்று இரத்தினம்மா வீட்டுக்குப் போனேன். படலையைத் திறக்காமல் உள்ளே நின்றபடி, "என்ன, வாளி கழுவ வந்தனியோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

"வாளி சுத்தமாய்த்தான் இருந்தது. மில்தான் ஊத்தை. கொம்பனிக்கு எழுதுறன், இஞ்ச பார். நீ வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வைக்கவேணும்."

"ரெண்டரை வருசம். பேத்திக்கு அலுவல் எண்ட உடனைதானே உனக்கு நாக்கு வளைஞ்சது?"

"ஓம். அவளுக்காகத்தான். உனக்காக எண்டால் வந்திருக்க மாட்டன்."

"அதெண்டால் உண்மை" என்று சொல்லிப் படலையைத் திறந்தாள். தேத்தண்ணீர் தரவில்லை. அதுவரை எழுதிக்கொண்டுபோனதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள், மீதியை முடித்துக் கொண்டுவந்தால் கையெழுத்து வைப்பதாகச் சொன்னாள். "சந்தியிலை சனம் கேக்கத்தானே சொன்னனி? கோயிலிலை சனம் கேக்கத்தான் மாத்திச் சொல்லவேணும்" என்றாள். வருகிற வெள்ளிக்கிழமை பூசைக்குச் சொல்லப்போகிறேன். இதனால் மில்லுக்கு வருகிற ஆட்கள் குறைவார்கள் என்று தெரியும். குறையட்டும்.

உங்கள் குழுவிடம் சொல்லுங்கள். பிடி அரிசி என்னுடையது, இன்றைக்கும் போடுகிறேன். அது பத்தாது என்று கண்டுபிடித்தவள் தனுஷா. கதவு முழுக்க அவளுடையது, என் உத்தரவு இல்லாமல், என்னை எதிர்த்து வெட்டினது. என்னை எதிர்த்து இந்த ஊரில் வேறு யாரும் ஒன்றும் வெட்டினதில்லை. போத்தல்கள் இன்னும் மில்லின் சுவர்த்தட்டில் இருக்கின்றன. வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

ந. அருமைநாயகி
முகாமையாளர்
கல்வித் தகைமை: ஐந்தாம் வகுப்பு. இன்னொரு கோடு போடுவதென்றால் போடுங்கள்.

மேலே எழுதியது உண்மை. வாளி சுத்தமாகத்தான் இருந்தது.
சி. இரத்தினம்மா


வெள்ளிமலை உணவு உற்பத்தி நிறுவனம்
கொழும்பு
08.04.2025

அம்மா,

செல்வி தனுஷா எமது பட்டதாரிப் புலமைப்பரிசிலுக்குத் தெரிவு செய்யப்பட்டுள்ளார். உத்தியோகபூர்வக் கடிதம் அவருக்குத் தனியே அனுப்பப்பட்டுள்ளது.

நேர்முகத் தேர்வில் எமது பிரதம பொறியியலாளர் அவரிடம், "உங்கள் முகாமையாளரிடம் ஒரு குறை சொல்லுங்கள்" என்று கேட்டார். "பிழையை ஒத்துக்கொள்ள இரண்டரை வருடம் எடுப்பார், ஆனால் ஒத்துக்கொண்டால் சாட்சிக் கையெழுத்தோடு தருவார்" என்று பதில் வந்தது. குழு சிரித்தது. அன்று பின்னேரமே பிரதம பொறியியலாளர் ரோர்ச் லைட்டுடன் எமது தூள் அரைக்கும் இயந்திரம் ஒன்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றதைக் கண்டேன். என்ன கண்டார் என்பது எனக்கு அறிவிக்கப்படவில்லை.

இத்துடன் உடன்படிக்கைப் படிவம் உள்ளது. படிப்பு முடிந்த பின் மூன்று வருடம் அவர் எமது நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பிணையாளி ஒருவர் கையொப்பமிட வேண்டும். தங்கள் பெயரைத் தந்துள்ளார். அந்தப் படிவத்திலும் கல்வித் தகைமை என்றொரு நிரல் உண்டு. அதை வெறுமையாக விடலாம்.

இங்ஙனம்,
ஜெ. வாகீசன்


புத்தூர்,
17.04.2025

தம்பி வாகீசன்,

படிவம் இத்துடன் வருகிறது. நிரலை வெறுமையாக விடவில்லை. பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

கோயிலில் சொன்னேன். பூசை முடிந்து சனம் விபூதிக்கு நிற்கும்போது சொன்னேன், ஒருத்தரும் தப்பவில்லை. ஐயர், "அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். தெரிந்தவர் அன்றைக்கே சொல்லியிருக்கலாம், தண்ணீர் குடிக்கிறதில் மும்முரமாக இருந்துவிட்டார். அடுத்த நாள் நாலைந்து பேர் அரிசியைத் தூக்கிக்கொண்டு வேறு மில்லுக்குப் போனார்கள். போகிறவர்களைக் கூப்பிடவில்லை. கதவைப் பார்க்கவென்றே சிலர் வந்தார்கள். அவர்களையும் வாருங்கள் என்று சொல்லவில்லை. திறந்து காட்டினேன்.

வருடப் பிறப்புக்கு முதல் நாள் இரத்தினம்மா வந்தாள். அதே வாளி. வரிசையில் நின்று, முறை வந்ததும், "கதவைத் திற, பாப்பம்" என்றாள். திறந்தேன். தூரிகையை என் கையிலிருந்து பறித்துத் தானே உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகுதான் அரிசியைத் தந்தாள். ஆவணிச் சதுர்த்தி மோதகம் திரும்ப அவளிடம் வந்திருக்கிறது. மா என் மில்லில். முதல் மோதகத்தை எல்லாரும் பார்க்க நான் கடிக்க வேண்டுமாம். அது அவளுடைய நிபந்தனை. கடிப்பேன். சாவகச்சேரிக்கு வருகிற நேரமாக இருந்தால் நீங்களும் வாருங்கள், இரண்டாவது உங்களுக்கு.

உடன்படிக்கையை முழுக்க வாசித்தேன். மூன்று வருடம் என்று இருக்கிறது. அதற்குப் பிணை நான், அவள் ஒரு நாளும் குறைக்க மாட்டாள். மூன்று வருடம் முடிந்த அடுத்த நாள் அவள் எங்கே போவது என்பதை உங்கள் கம்பனியும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். அங்கே இருக்கிற காலத்தில் அவள் உங்கள் இயந்திரம் எதிலாவது கதவு வெட்டினால், எட்டு நாள் கதைக்காமல் இருந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். முதல் நாளே தூரிகையை விட்டுப் பாருங்கள்.

ந. அருமைநாயகி
முகாமையாளர், பிணையாளி
ஐந்தாம் வகுப்பு